நிலை வைக்காத வாசல்

எழுமலை,
9-6-85

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி நல்லகாமன் எழுதிக்கொள்வது. இங்கே நான், ஒச்சாயி, பிள்ளைகள், இரண்டு மாடு, ஒரு வம்புக்கார ஆடு எல்லோரும் நலம். அங்கே உன் நலமும், மருமகள் செல்லக்கிளியின் நலமும், செல்லூர்த் தண்ணீர்க் குழாயின் நலமும் அறிய ஆசை.

சிலோனிலிருந்து வந்த சனங்களுக்கு நம் ஊர்க் கரட்டடியில் கேம்ப் போட்டிருப்பதைப் போன தடவையே எழுதியிருந்தேன். மூங்கில் நட்டுத் தார் ஷீட் போட்ட நீளக் கொட்டகை. குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் நடுவே ஒரு பழைய சேலைதான் மறைப்பு. இந்த வெயிலுக்குத் தார் உருகி ஒழுகுகிறது. போன வாரம் ஒரு பெண் குழந்தையின் தோளில் சொட்டிக் கொப்புளம் போட்டுவிட்டது. இரண்டு வயதுகூட நிறையாத பிள்ளை. அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை அக்கா.

மதுரையிலிருந்து ஒரு தொண்டுச் சங்கத்து ஆட்கள் வந்தார்கள். மூங்கிலும் கயிறும் தென்னை ஓலையும் நாங்கள் தருகிறோம், மண் வீடுகளை நீங்களே கூடிக் கட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். மண்ணுக்கு எங்கே போவது? நம் கண்மாய்தான். ஊர்க் கூட்டம் போட்டோம். தச்சர் முத்திருளனைத் தெரியுமே, எதையும் "முடியாது" என்று தொடங்குகிறவர். "நம்ம மாட்டுக்கே மேய எடமில்ல, இதுல கண்மாயையும் வெட்டிக் குடுக்கணுமாக்கும்?" என்று எழுந்தார்.

நான் விடவில்லை. "அண்ணே, கண்மாய் மேடாப் போச்சுன்னு வருசா வருசம் மனுக் குடுக்குறோம். ஒருத்தன் வந்து ஒரு கூடை அள்ளுனானா? இவுக அள்ளுனா கண்மாயும் ஆழமாகும், இவுகளுக்கு வீடும் ஆகும். அம்புட்டுத்தான்" என்றேன். கூட்டமே சிரித்துவிட்டது. கடைசியில் முத்திருளனே, எல்லா வீட்டுக்கும் வேப்பமரத்தில் கதவு நிலை செய்து தருகிறேன், கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நிலை என்றதும் ஞாபகம் வருகிறது. உன் வீட்டுப் பின்கட்டு அறைக்காக நான் வண்டியில் கொண்டுவந்து இறக்கிய வாகை மரத்து நிலை இன்னும் சுவரில் சாய்ந்துதான் நிற்கிறதா? "நானே வந்து என் கையால வப்பேன் மாப்ள, நீ தொடாத" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டுப் பம்பாய்ப் பக்கம் பிவண்டிக்குத் தறி மெக்கானிக் வேலைக்குப் போனவர், எப்போது வருகிறாராம் மச்சான்? கடிதம் போடுகிறாரா? நான் கேட்டதாக எழுது.

பிள்ளைகள் அத்தைக்கு முத்தம் சொல்லச் சொன்னார்கள்.

உன் தம்பி
நல்லகாமன்

*

செல்லூர்,
20-6-85

அன்புத் தம்பிக்கு,

சீனியம்மாள் எழுதுவது. உன் ஆடு வரைக்கும் நலம் என்று அறிந்து சந்தோஷம். நாங்களும் நலம். குழாயில் காற்று வருகிறது. செல்லக்கிளி ஆறாம் வகுப்புக்குப் போகிறாள், உயரத்தில் என் தோளைத் தொட்டுவிட்டாள். எனக்கு நூல் சுற்றிச் சுற்றிக் கை வலிதான், வேறொன்றுமில்லை. இரண்டு நாளாகக் கரண்ட் இல்லாமல் தறிகள் நிற்கின்றன. தெருவே ஊமையானது போல இருக்கிறது.

வீடு, வீடு என்று பக்கம் நிறைய எழுதியிருக்கிறாய். அந்தப் பெண்கள் எங்கே குளிக்கிறார்கள் என்று ஒரு வரி உண்டா? ஆம்பளைகள் கூடிப் பேசினால் சுவரும் கூரையும் வரும், மற்றது எதுவும் வராது. முதலில் கிணற்றடியில் ஒரு மறைப்புக் கட்டச் சொல். அடுப்புக்கு மேலே புகை போக வழி விடச் சொல். தார் பட்ட குழந்தைக்குப் புண் ஆறியதா, எழுது.

உன் மச்சான் நலம். வேலை அதிகமாம்.

ஒச்சாயிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள்.

அக்கா
சீனியம்மாள்

*

எழுமலை,
14-7-85

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். நீ திட்டியதை அப்படியே கேம்பில் போய்ச் சொன்னேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாளே கிணற்றடியில் ஓலை மறைப்பு எழுந்துவிட்டது. அதற்கு "மதுரை அக்கா மறைப்பு" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். செல்லூரில் உட்கார்ந்துகொண்டே எழுமலையில் கட்டடம் கட்டுகிறாய், நீ பெரிய ஆள்தான்.

வேலை நன்றாக நடக்கிறது. கண்மாய் மண்ணை ஊறவைத்து, வைக்கோலைத் தூவி, எல்லோரும் இறங்கி மிதிக்கிறோம். மண் சுவர் எழுப்பும் பக்குவம் நம் ஆட்களுக்குத் தெரியும். ஓலை பின்னுவது அவர்கள் கை. அதைக் கிடுகு என்கிறார்கள். சோழவந்தானிலிருந்து லாரியில் வந்த ஓலை மலையை அந்தப் பெண்கள் பேசிக்கொண்டே பின்னித் தீர்க்கிறார்கள். ஒச்சாயியும் கற்றுக்கொள்கிறேன் என்று போய் உட்கார்ந்தாள். அவள் பின்னியது கோழிக்கூட்டுக்குத்தான் ஆகும்.

சுவரில் ஒரு நாளைக்கு ஒரு படை, ஒரு அடுக்கு மண்தான் வைக்க வேண்டும். அது காய்ந்த பிறகுதான் அடுத்தது. அதனால் எல்லோரும் சேர்ந்து ஒரு வீட்டில் ஒரு படை வைத்துவிட்டு, அது காயும் நேரத்தில் அடுத்த வீட்டுக்குப் போகிறோம். யாரும் தன் வீடு, பிறர் வீடு என்று பார்ப்பதில்லை. தாசில்தார் வந்து பார்த்தார். கல் அஸ்திவாரம் போடக் கூடாது, மற்றபடி உங்கள் பாடு என்று சொல்லிவிட்டுப் போனார்.

தார் பட்ட குழந்தையின் பெயர் சுகந்தி. புண் ஆறிவிட்டது, தழும்புதான் இருக்கிறது. அவள் அம்மா தங்கரத்தினம். மன்னார்ப் பக்கத்துக்காரி. உன்னைவிட வயதில் சின்னவள், பேச்சில் உன்னைப் போலவே அளந்து பேசுகிறவள். புருஷன் குணராசா, இவளையும் குழந்தையையும் அக்கம்பக்கத்தாரோடு படகில் ஏற்றிவிட்டு, படுத்த படுக்கையாகக் கிடந்த தாயைப் பார்க்க நின்றுவிட்டானாம். "பின்னாலே வாறன்" என்று சொன்னவன்தான். வருஷம் ஒன்றாகிறது, ஒரு சேதியும் இல்லை.

இவள் எல்லா வீட்டுச் சுவரிலும் மண் வைக்கிறாள். வேப்பமரத்தடியில் இவளுக்கென்று எழும்பும் வீட்டுக்கு மட்டும் நிலை வேண்டாம் என்கிறாள். சுவரெழுப்பும்போதே நிலையை நிறுத்தினால்தான் மண் பிடிக்கும் என்று முத்திருளன் படித்துப் படித்துச் சொன்னார். "அவர் வந்து வைப்பார் அண்ணை. அந்த இடம் மட்டும் அப்பிடியே கிடக்கட்டும்" என்றாள். எனக்குப் புரியவில்லை. மேலே ஒரு பனஞ்சட்டம் கொடுத்து, வாசலைத் திறப்பாக விட்டு எழுப்பிக்கொண்டிருக்கிறோம். கூரை போட்டாலும் கதவில்லாத வீட்டில் எப்படி இருப்பாள்? குழந்தையோடு அந்தக் கொட்டகையிலேயே படுக்கிறாள்.

மச்சான் தீபாவளிக்காவது வருகிறாரா?

உன் தம்பி
நல்லகாமன்

*

செல்லூர்,
22-7-85

தம்பிக்கு,

நலம். அந்த வாசலை நீ தொடாதே. முத்திருளனையும் தொட விடாதே.

செல்லக்கிளிக்குக் காய்ச்சல் வந்து சரியாகிவிட்டது. மறைப்புக்குப் பெயர் வைத்தவர்களுக்கு என் வணக்கம்.

அக்கா

*

எழுமலை,
8-9-85

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இரண்டு கடிதம் போட்டும் பதில் இல்லை. மருமகளுக்கு உடம்பு முழுக்கத் தேறிவிட்டதா?

எல்லா வீட்டுக்கும் கூரை ஏறிவிட்டது. சனங்கள் குடிபோய்விட்டார்கள். சாணி மெழுகிக் கோலமும் போட்டாயிற்று. பாதிக் கொட்டகையைப் பிரித்தாகிவிட்டது. மிச்சத்தில் தங்கரத்தினமும் குழந்தையும் மட்டும்தான்.

மேற்கே மேகம் கூடுகிறது. ஐப்பசி மழை வாடைக்காற்றோடு அடித்தால் இவள் வீட்டுத் திறந்த வாசல் வழியாகத்தான் சாரல் உள்ளே இறங்கும். மண் சுவரின் அடி நனைந்தால் வீடே உட்கார்ந்துவிடும். அத்தனை பேர் மிதித்த மண். கொட்டகையும் ஒரு மழைக்குத் தாங்காது. நீ தொடாதே என்றாய், ஏன் என்று சொல்லவில்லை. எனக்குக் குழந்தைதான் கண்ணில் நிற்கிறது. பிறந்த வீட்டு ஆண்பிள்ளை இல்லாத ஊரில் அவளுக்கு நான் அண்ணனாக நின்று நிலையை வைத்துவிடலாம் என்று இருக்கிறேன். முறைப்படி தேங்காய் உடைத்து, மஞ்சள் துணி கட்டி, ஒரு குறையும் இல்லாமல் செய்வேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் தம்பி
நல்லகாமன்

*

எழுமலை,
19-9-85

அக்காவுக்கு,

நலம் என்றுதான் எழுத வேண்டும். மனசு நலமில்லை.

திங்கட்கிழமை தங்கரத்தினம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உசிலம்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். அவள் திரும்புவதற்குள் வேலையை முடித்துவிட்டோம். நிலையை நிறுத்தி, இரண்டு பக்கமும் மண் அடைத்து, உச்சியில் நவதானியம் முடிந்த மஞ்சள் துணி கட்டி, குத்துவிளக்கும் வைத்து, அண்ணன் வீட்டுச் சீராக ஒச்சாயி ஒரு புதுப் பானையும் கொண்டு வந்து வைத்திருந்தாள். தங்கரத்தினம் சந்தோஷப்படுவாள் என்று நாங்கள் இளித்துக்கொண்டு நின்றோம்.

அவள் வந்தாள். நிலையைப் பார்த்தாள். மஞ்சள் துணியைப் பார்த்தாள். கத்தவில்லை, அழவில்லை.

"ஏன் அண்ணை இதைச் செய்தனீங்கள்? அவர் வரமாட்டார் எண்டு ஊரே முடிவு கட்டியாச்சோ?"

அவ்வளவுதான். குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு கொட்டகைக்குள் போய்விட்டாள்.

நான் அப்படி நினைக்கவே இல்லை அக்கா. சத்தியமாக நினைக்கவில்லை. நல்லது செய்கிறோம் என்றுதான் நின்றோம். முத்திருளன் கடப்பாரையை எடுத்து, ஈரம் காயாத மண்ணைத் தட்டி, நிலையைப் பெயர்த்துப் பக்கத்தில் சாய்த்துவிட்டார். "ஏன்டா தம்பி, ஒங்கக்கா சொன்னதக் கேட்ருக்கலாம்ல" என்று மட்டும் சொன்னார்.

இப்போது அவள் வேப்பமரத்தடிப் பக்கமே வருவதில்லை. எங்கள் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. மழை வந்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை. நீ மட்டும் எப்படி முன்னாலேயே தெரிந்து சொன்னாய்?

உன் தம்பி
நல்லகாமன்

*

செல்லூர்,
27-9-85

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். செல்லக்கிளிக்கு ஒன்றுமில்லை. கடிதம் எழுதாமல் இருந்தது என் சோம்பல்தான்.

நீ கெட்டவனில்லை, அவசரக்காரன். சின்ன வயதில் குஞ்சு வெளியே வரட்டும் என்று முட்டையை உடைத்தவன்தானே நீ.

காத்திருக்கிறவளுக்கு, ஒருவேளை வராமலே போய்விடுவாரோ என்ற நினைப்பு இல்லாமலா இருக்கும்? விளக்கை அணைத்த பிறகு அவள் தன்னையே கேட்டுக்கொள்வதுதான் அது. அதைத்தான் நீ பட்டப்பகலில், பத்துப் பேர் முன்னால், தேங்காய் உடைத்துச் சொல்லிவிட்டாய். பொழுது விடிந்தால் அவள் கையில் இருப்பது அந்த வெறும் வாசல் ஒன்றுதான். அது வெறுமையாக இருக்கும் வரைக்கும் ஒருவர் வரவேண்டியது பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். இதெல்லாம் உங்களுக்குச் சொன்னால் புரியாது.

இப்போது நான் சொல்கிறபடி செய். நீ போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்காதே. ஒச்சாயி போகட்டும். சமாதானம் பேச வேண்டாம், "எனக்குக் கிடுகு சரியா வரல, சொல்லிக் குடு" என்று பக்கத்தில் உட்காரட்டும். கை வேலை செய்தால் வாய் தானாகத் திறக்கும். பிறகு நீங்கள் அந்த வீட்டுக் கூரையை முன்பக்கம் நீட்டி இரண்டு கால் நட்டு இறக்குங்கள். சாரல் உள்ளே வராது. வாசலுக்குக் கிடுகில் ஒரு தட்டி, தூக்கிக் கட்டுகிற மாதிரி. அதை அவளே பின்னட்டும். தட்டி போடுவது யாருடைய வேலையையும் பறிப்பதாகாது. நிலையை வெளியே மழையில் போடாதே. அவள் வீட்டுக்குள்ளேயே, அவள் கண்ணில் படும்படி நிறுத்தி வை. வருகிறவருக்கு அது தயாராக இருக்க வேண்டும். அடியில் மண்ணெண்ணெய் தடவு, கறையான் ஏறாது.

உன் மச்சானைப் பற்றிக் கேட்டிருந்தாய். நலம்தான்.

அக்கா
சீனியம்மாள்

*

எழுமலை,
3-11-85

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ சொன்னது ஒன்றையும் விடாமல் செய்தோம். ஒச்சாயி நான்கு நாள் வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்தாளாம். நம் ஒச்சாயி, நான்கு நாள்! ஐந்தாம் நாள் தங்கரத்தினமே அவள் கையைப் பிடித்து ஓலையை மடக்கிக் காட்டியிருக்கிறாள். பிறகு தட்டியைப் பின்னினாள் பார், காற்றுகூடக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போகும்.

ஐப்பசி மழை விடாமல் ஒரு வாரம் அடித்தது. கொட்டகை சரிந்துவிட்டது. அதற்கு முதல் நாளே அவள் குழந்தையோடு வேப்பமரத்து வீட்டுக்குப் போயிருந்தாள். சுவரில் ஒரு விரல் மண் கரையவில்லை. நிலை உள்ளே நிற்கிறது. சுகந்தி அதற்குள் நுழைந்து நுழைந்து விளையாடுகிறது. "அண்ணை, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்று என்னைக் கூப்பிட்டாள். அந்தத் தேநீரைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வரும் வழியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அக்கா, இனி எழுதுவதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. போன சந்தைக்கு உசிலம்பட்டியில் சோலையைப் பார்த்தேன். மச்சானோடு பிவண்டியில் வேலை செய்தவன். நான் மச்சானை விசாரித்தேன். அவன் முழித்தான். "சங்கிலி அண்ணனா? அவரு அந்தப் பட்டறைய விட்டுப் போயி ஒரு வருசத்துக்கு மேலாச்சே. எங்க போனாருன்னு யாருக்கும் தெரியாதுண்ணே. வீட்டுக்குக்கூடவா எழுதல?" என்றான்.

நலம், வேலை அதிகம் என்று எனக்கு எழுதிக்கொண்டே இருந்தாயே அக்கா. மண்ணெண்ணெய் தடவு என்று நீ எழுதியதை இப்போது திரும்பப் படித்தேன். உன் பின்கட்டு நிலை கண்முன் வந்து நின்றது.

எழுது.

உன் தம்பி
நல்லகாமன்

*

எழுமலை,
1-12-85

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். தீபாவளிச் சீர் கொண்டு வந்த ஒச்சாயி திரும்பி வந்து சொன்னாள். நீ மச்சான் பேச்சையே எடுக்கவில்லை, கூட வந்த பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்துத் தலை வாரிவிட்டாய், பின்கட்டில் வாகை நிலையில் ஈரத்துணி காய்ந்தது என்றாள்.

பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு உன் வீட்டில் இருப்பேன். ஆனால் நீ கூப்பிடாமல் வரமாட்டேன். கூப்பிடாமல் ஒரு வாசலில் போய் நின்றதற்கே பட்டது போதும். கூப்பிட்டால் உடனே வாரேன்.

உன் தம்பி
நல்லகாமன்

*

எழுமலை,
20-1-86

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். பொங்கல் சீரும் ஒச்சாயி கையில்தான் கொடுத்துவிட்டேன், கிடைத்திருக்கும். கரும்பு நம் தோட்டத்தது.

குணராசா வந்துவிட்டார்! மார்கழிக் கடைசியில் மண்டபம் கேம்பிலிருந்து ஆள் மூலம் சேதி வந்தது, பின்னாலேயே அவரும் வந்தார். தாய்க்குச் செய்ய வேண்டிய கடைசிக் காரியங்களை முடித்துவிட்டுத்தான் புறப்பட்டாராம். எலும்பும் தோலுமாக இருக்கிறார். குழந்தைக்கு அடையாளம் தெரியவில்லை, அழுதது. தங்கரத்தினம் தட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "குனிஞ்சு வாங்கோ" என்றாள்.

நேற்று நிலை வைத்தார். ஊரும் கேம்பும் கூடிவிட்டது. நான் கொஞ்சம் பின்னால்தான் நின்றேன். அவர் சுற்றிப் பார்த்து, "நல்லகாமன் அண்ணை ஆர்? மற்றப் பக்கம் நீங்கள் பிடியுங்கோ" என்றார். பிடித்தேன். முத்திருளன் தூக்குநூல் விட்டுப் பார்த்துவிட்டு, முதல் தடவையாக "சரியா இருக்கு" என்றார். தங்கரத்தினம் பால் காய்ச்சினாள். "ஊருக்குப் போகுமட்டும் இதுதான் வீடு" என்று எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். தட்டியைச் சுருட்டிப் பரணில் வைத்துக்கொண்டாள்.

மதுரை அக்காவிடம் சொல்லச் சொன்னாள். அதற்காகத்தான் எழுதினேன். வேறெதுவும் கேட்கவில்லை.

உன் தம்பி
நல்லகாமன்

*

செல்லூர்,
2-2-86

அன்புத் தம்பிக்கு,

சீனியம்மாள் எழுதுவது. நானும் செல்லக்கிளியும் நலம். உங்கள் எல்லோருடைய நலத்துக்கும் மீனாட்சியை வேண்டிக்கொள்கிறேன். கரும்பு இனிப்பாக இருந்தது.

உன் கடிதத்தைச் செல்லக்கிளி வாசிக்கக் கேட்டேன். பிறகு நானே ஒரு முறை வாசித்தேன். சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது, பொய்யில்லை. அவர் வந்து சேர்ந்தாரே, அந்தக் குழந்தைக்கு அப்பா வந்தாரே என்று. ஆனால் அழுதது முழுவதும் அதற்காக என்று சொன்னால் அது பொய்.

உன் மச்சானின் கடைசிக் கடிதம் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் சித்திரையில் வந்தது. அதற்குப் பிறகு நான் போட்டதெல்லாம் திரும்பி வந்துவிட்டது. ஊரில் யாரும் கேட்டால் நலம் என்று சொல்லிப் பழகி, உனக்கும் அதையே எழுதிவிட்டேன். அவருக்கு ஒரு கெடுதலும் இருக்காது. கடல் நடுவில் இருக்கிறதா, யுத்தம் நடக்கிறதா? அவர் வர நினைத்தால் ரயில் இருக்கிறது. எனக்கு இது ரொம்ப நாளாகவே தெரியும். பின்கட்டில் அந்த வெறும் வாசலைப் பார்த்துப் பார்த்துத் தெரியாத மாதிரி இருந்தேன்.

செல்லக்கிளி பெரியவளாகப் போகிறாள். அவளுக்கென்று கதவு சாத்திக்கொள்ள ஓர் அறை வேண்டும். பின்கட்டை அதற்காக ஒழித்துவிட்டேன். நிலையில் காய்ந்த துணிகளையும் எடுத்துவிட்டேன். கறையான் ஏறவில்லை, மரம் நன்றாகத்தான் இருக்கிறது.

தை முடிவதற்குள் நல்ல நாள் ஒன்று பார்த்துக்கொண்டு நீ வா. நிலையை நீதான் வைக்க வேண்டும். தேங்காய், மஞ்சள் துணி எல்லாம் நான் வாங்கி வைக்கிறேன். கேம்பில் கேட்டுக்கொண்டு தங்கரத்தினத்தையும் கூட்டி வா, சாயங்கால பஸ்ஸுக்குத் திரும்பிவிடலாம். மறுபக்கம் அவள் பிடிக்கட்டும். அவளுக்கு நீ ஒன்றும் விளக்கிச் சொல்லிக்கொண்டிருக்காதே. சாப்பாடு இங்கேதான் என்று மட்டும் சொல்.

அக்கா
சீனியம்மாள்